தீராத வயிற்று வலி

அன்புள்ள தம்பி,

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து நீங்கள் அனுப்பிய நாவலின் முதல் மூன்று அத்தியாயங்களும் கூடவே வைத்திருந்த கடிதமும் கிடைத்தன. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. தனியாகப் பதில் போடாமல் பத்திரிகையிலேயே எழுதுவதற்குக் காரணம், குற்றக்கதை எழுத வருகிற பலரும் இதையேதான் வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள்.

மற்ற வாசகர்களுக்காக உங்கள் கதையை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். ஆவடி காவல் ஆணையரகத்தில் ஓர் இன்ஸ்பெக்டர். நாற்பதை நெருங்கும் வயது. தூக்கம் கிடையாது, குடி உண்டு, மனைவி பிரிந்து போய்விட்டார். அவர் எல்லைக்குள் அடுத்தடுத்து மூன்று சந்தேக மரணங்கள். இறந்த மூவரும் சிறுவயதில் ஒரே விடுதியில் தங்கிப் படித்தவர்கள், இன்ஸ்பெக்டரும் அங்கே படித்தவர். மூவரையும் கொன்றது யார் என்பதற்கு நீங்கள் வைத்திருக்கும் விடை: அதே விடுதியில் சீரழிக்கப்பட்ட இன்னொரு பையன். “துப்பறிகிறவருக்கும் கொலைகாரனுக்கும் ஒரே காயம் என்று வைத்தால் நம்பும்படி இருக்குமா?” என்பது உங்கள் கேள்வி.

துப்பறிகிறவரை நம்புகிறேன். கொலைகாரனை நம்ப முடியவில்லை. அந்த மூன்று மரணங்களைப் பற்றி நீங்கள் இன்னும் யோசிக்கவே தொடங்கவில்லை என்றும் தோன்றுகிறது.

முதலில் துப்பறிகிறவர். காயம்பட்ட துப்பறிவாளர் தமிழுக்குப் புதியவர். 1894இல் நடேச சாஸ்திரி ‘தானவன்’ என்ற போலீஸ் நிபுணனைக் கொண்டுவந்ததிலிருந்து ஏறத்தாழ நூறு வருஷத்துக்கு நம் துப்பறிவாளர்கள் யாருக்கும் பால்யமே கிடையாது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் சின்ன வயதில் யாரிடம் அடி வாங்கினார் என்று எந்த வாசகரும் கேட்டதில்லை. தமிழ்வாணனின் சங்கர்லால் மடிப்புக் கலையாமல் வருவார், தேநீர் குடிப்பார், ஆளைப் பிடிப்பார். தேவனின் சாம்பு அசட்டு அதிர்ஷ்டத்தில் ஜெயிப்பவர். 1968இல் ‘நைலான் கயிறு’ தொடர்கதையில் அறிமுகமான சுஜாதாவின் கணேஷ், பின்னால் வந்து சேர்ந்த வசந்த் இரண்டு பேருமே வக்கீல்கள், இரண்டு பேருக்குமே வீட்டுக் கவலை கிடையாது. ராஜேஷ்குமாரின் விவேக், சுபாவின் நரேந்திரன், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் எல்லோரும் நன்றாகத் தூங்கி எழுந்து வேலைக்கு வந்தவர்கள். மாத நாவலுக்குள் பிணமும் விழ வேண்டும், கொலைகாரனும் சிக்க வேண்டும். இதில் துப்பறிகிறவர் உட்கார்ந்து அழ எங்கே இடம்? அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்தக் கதைகளால்தான் நான் படிக்கவே கற்றுக்கொண்டேன்.

துப்பறிகிறவருக்கு ஒரு வலியைக் கொடுத்தது சினிமா. ‘யுத்தம் செய்’ (2011) படத்தில் சேரன் நடித்த சிபிசிஐடி அதிகாரிக்குத் தங்கை காணாமல் போயிருப்பாள். மற்றவர்களின் வழக்கை விசாரிக்கும் ஒவ்வொரு காட்சியிலும் அந்தத் தங்கையும் கூடவே இருப்பாள். ‘போர் தொழில்’ (2023) படத்தில் அசோக் செல்வனின் டிஎஸ்பி பயந்த சுபாவம். உங்கள் இன்ஸ்பெக்டர் இந்த வரிசையில் வருகிறவர், வரட்டும். ஒன்று மட்டும் கவனியுங்கள். மூன்று அத்தியாயத்திலும் மழை பெய்துகொண்டே இருக்கிறது. உங்கள் ஊர் வருஷத்தில் பெரும்பகுதி வெயிலில் காய்கிற ஊர். விமானப்படை நிலையம், கொஞ்சம் தள்ளி சிஆர்பிஎஃப், டேங்க் தொழிற்சாலை, சிறப்புக் காவல்படை என்று சுற்றிலும் சீருடைக் குடும்பங்கள். மாற்றலாகி வருகிறவர்களும் போகிறவர்களும், மூன்று வருஷத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் மாறுகிற பிள்ளைகளும் நிறைந்த இடம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு எதற்கு வெளிநாட்டுப் படத்திலிருந்து மழையைக் கடன் வாங்குகிறீர்கள்?

இனி கொலைகாரன். தமிழ் சினிமாவில் துப்பறிவாளருக்குப் பால்யம் இல்லாத காலத்திலேயே கொலைகாரனுக்கு இருந்தது. ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978) படத்தில் சிறுவயது அவமானம். ‘மூடுபனி’ (1980) படத்தில் அம்மாவைக் கொடுமைப்படுத்திய அப்பா. ‘நடுநிசி நாய்கள்’ (2011), ‘ராட்சசன்’ (2018), ‘சைக்கோ’ (2020) எதை எடுத்தாலும் கடைசி அரை மணி நேரத்தில் ஒரு சின்னப் பையனின் முகம் வரும். இசை மாறும். அவனை யாரோ அடிப்பார்கள், கேலி செய்வார்கள், தொடக்கூடாத இடத்தில் தொடுவார்கள். பார்க்கிற நமக்கு அப்பாடா என்று இருக்கும், கணக்கு நேராகிவிட்டது. பாலு மகேந்திராவோ மிஷ்கினோ இதை வெறும் கணக்காகச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நாற்பது வருஷமாக ஒரே விடையைப் பார்த்துப் பார்த்து, அடிபட்ட பிள்ளை வளர்ந்தால் ஆபத்தானவன் என்ற எண்ணம் ஊருக்குள் ஊறிவிட்டது. அடிபட்ட பிள்ளைக்கு நாம் செய்த இரண்டாவது அநியாயம் அது.

கணக்கையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் இயங்கும் ‘துளிர்’ அமைப்பு 2006இல் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் 2,211 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 42 சதவீதம். பையன்களில் 48, பெண்பிள்ளைகளில் 39. அடுத்த வருஷம் வெளியான மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சக ஆய்வில், 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டபோது விகிதம் 53 சதவீதத்தைத் தாண்டியது. செய்தவர்களில் பாதிப் பேர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருந்தவர்கள், பெரும்பாலான பிள்ளைகள் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்றும் அந்த ஆய்வு சொன்னது. ஐம்பது பேர் உட்காரும் வகுப்பில் துளிர் கணக்குப்படி இருபத்தொரு பேர். காயம்தான் கொலைகாரனை உண்டாக்கும் என்றால் அம்பத்தூர் தாண்டி ஒருவரும் உயிரோடு இருக்க முடியாது. அந்த இருபத்தொரு பேரும் பஸ் பிடித்து வேலைக்குப் போகிறார்கள், கடன் கட்டுகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடுகிறார்கள். உங்களுக்கும் எனக்கும் தெரிந்தவர்கள்தான்.

தொடர்கொலை வழக்குகளில்கூட சினிமாவில் வருகிற அந்தச் சின்னப் பையனின் முகம் எளிதில் கிடைத்துவிடுவதில்லை. 1960களில் பம்பாய் நடைபாதைகளில் தூங்கியவர்களைக் கொன்ற ராமன் ராகவ் தமிழன். 1968 ஆகஸ்டில் அவனை அடையாளம் கண்டு பிடித்தவர் அலெக்ஸ் ஃபியாலோ என்ற சப் இன்ஸ்பெக்டர். பிறகு மனநல மருத்துவர்கள் உட்கார்ந்து அவனிடம் பேசி எழுதியது மனச்சிதைவு நோய் என்று. தூக்கு ஆயுளாகக் குறைந்தது, 1995இல் இறந்துபோனான். ஒரு நோய், ஒரு பெரிய நகரம், பாதுகாப்பில்லாமல் தெருவில் தூங்கிய ஏழைகள். படமாக எடுக்கிறவருக்கு இது போதாது, இளமைக் காட்சி ஒன்று வேண்டும். நாவல் எழுதுகிற நீங்கள் அந்தக் கட்டாயத்தில் இல்லை.

அப்படியானால் அந்தக் காயம் என்னதான் செய்கிறது? இதற்கு ஓரளவு விடை கண்டவர் போலீஸ்காரர் இல்லை, உடல் எடை குறைக்கும் சிகிச்சை தந்த ஒரு டாக்டர். வின்சென்ட் ஃபெலிட்டி, அமெரிக்காவில் சான் டியாகோ. 1980களில் அவரிடம் வந்தவர்களில் நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். ஏன் என்று தெரியவில்லை. ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு வரிசையாகக் கேள்வி கேட்டார். ஒருநாள் ஒரு பெண்ணிடம், முதல் உடலுறவின்போது வயது என்ன என்று கேட்பதற்குப் பதில் வாய் தவறி எடை எவ்வளவு என்று கேட்டுவிட்டார். அவர் நாற்பது பவுண்டு என்றார். அதாவது பதினெட்டு கிலோ. செய்தது அப்பா என்று சொல்லிவிட்டு அழுதார். அதற்குப் பிறகு அதே மாதிரிக் கதைகள் வந்துகொண்டே இருந்தன. ராபர்ட் ஆண்டா என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 17,000க்கும் அதிகமானவர்களிடம் கேட்டு, 1998 முதல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிறுவயதில் அடி, பாலியல் துன்புறுத்தல், வீட்டில் குடி, வன்முறை போன்றவற்றில் நாலு அல்லது அதற்கு மேல் அனுபவித்தவர்களுக்குக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கான வாய்ப்பு அப்படி எதையும் அனுபவிக்காதவர்களைவிட நாலிலிருந்து பன்னிரண்டு மடங்கு கூடுதல்.

பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள் தம்பி. அதிலிருக்கும் எல்லாமே அந்த ஆளையே தாக்குபவை. சினிமாவில் கத்தி வெளியே பாய்கிறது, வாழ்க்கையில் பெரும்பாலும் உள்ளேதான் திரும்புகிறது. உங்கள் இன்ஸ்பெக்டர் குடிக்கிறாரே, அதுவும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. அந்த இடத்தை நீங்கள் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது மரணங்களுக்கு வருகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

ஒரு வீட்டில் இளவயதுப் பெண்ணோ பையனோ திடீரென்று இறந்துபோனால் ஸ்டேஷனில் ‘174 போட்டாச்சு’ என்பார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவு. (பேச்சில் இன்னும் 174தான். உங்கள் கதை 2025இல் நடப்பதால் இன்ஸ்பெக்டர் வாயில் 174 வரட்டும், எஃப்ஐஆரில் 194 என்று இருக்கட்டும்.) அந்தப் பிரிவின்படி அக்கம்பக்கத்து மனிதர்கள் இரண்டு பேருக்குக் குறையாமல் கூட வைத்துக்கொண்டு பிரேத விசாரணை நடத்தி அறிக்கை எழுத வேண்டும். என்ன எழுதச் சொல்கிறது சட்டம்? உடலில் காயம் உண்டா, எலும்பு முறிவு உண்டா, கன்றிய தடம் உண்டா, எந்த ஆயுதத்தால், எந்த விதத்தில். எல்லாம் உடம்பின் மேலே இருப்பவை. போஸ்ட்மார்ட்டம் டாக்டர் இன்னும் கொஞ்சம் உள்ளே போவார், உள்ளுறுப்புகளைச் சோதனைக்கு அனுப்புவார். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் இறந்த பெண் என்றால் ஆர்டிஓ வந்து விசாரிப்பார். அந்தப் பெண்ணுக்கு ஏழு வயதாக இருந்தபோது என்ன நடந்தது என்று கேட்கச் சொல்லும் படிவம் எதுவும் கிடையாது.

கேட்டாலும் வீட்டில் யார் சொல்வார்கள்? உடலை வாங்கிப் போக வேண்டும், அடுத்தவளுக்குக் கல்யாணம் ஆக வேண்டும், ஊர் வாயை மூட வேண்டும். இந்த இடத்தில்தான் நம் ஊர்க் கோப்புகளிலும், பத்திரிகைகளின் மாவட்டப் பக்கத்திலும் தலைமுறை தலைமுறையாக ஒரு வாக்கியம் வாழ்ந்து வருகிறது. ‘தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்த இவர் மனமுடைந்து...’ தினசரி படித்து வளர்ந்த எந்தத் தமிழருக்கும் மீதி வாக்கியம் தெரியும். வீட்டார் விரும்பும் காரணம், ஸ்டேஷனுக்கும் தோதான காரணம். யார் மேலும் பழி விழாது, வழக்கு நீளாது. சில மாதத்தில் ‘மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது’ என்று எழுதிக் கட்டி வைத்துவிடலாம்.

இதை வெறும் பொய் என்று ஒதுக்கிவிடாதீர்கள். குழந்தை மருத்துவர்களைக் கேட்டுப் பாருங்கள். காரணம் பிடிபடாமல் திரும்பத் திரும்ப வருகிற வயிற்று வலி, பள்ளிக்கூடம் போகும் நேரத்திலோ ஒரு குறிப்பிட்ட சொந்தக்காரர் வீட்டுக்கு வரும் நாளிலோ வருகிற வயிற்று வலி, அந்தப் பிள்ளையின் மனதில் ஏதோ அழுத்துகிறது என்பதற்கான அறிகுறியாக இருக்கக்கூடும். ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் தெரியாது. அந்தப் பெண்ணுக்குப் பத்து வருஷமாக வயிற்று வலி என்று அம்மா சொன்னது சில வீடுகளிலாவது உண்மையாக இருந்திருக்கும். எப்போது ஆரம்பித்தது, அப்போது வீட்டில் யார் இருந்தார்கள் என்று அடுத்த கேள்வியை யாரும் கேட்கவில்லை. உங்கள் துப்பறிவாளருக்கு அந்த இரண்டு கேள்வியையும் நான் சும்மா தருகிறேன்.

தமிழ்நாட்டில் இப்படி அடுத்த கேள்வியைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். வேலூருக்குப் பக்கத்தில் கணியம்பாடி ஒன்றியம், ஏறக்குறைய ஒரு லட்சம் ஜனத்தொகை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய சுகாதாரப் பிரிவு பல ஆண்டுகளாக அங்கே ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்து வருகிறது. பதிவு செய்வது யார்? அந்தந்த ஊரிலேயே வாழும் சுகாதாரப் பணியாளர்கள். இறந்த வீட்டுக்குப் போய், துக்கம் கேட்கிற முறையிலேயே என்ன நடந்தது என்று விசாரிப்பார்கள். அவர்கள் கொண்டுவந்த தகவலைச் செவிலியரும் டாக்டரும் அடுத்தடுத்துச் சரிபார்ப்பார்கள். வாய்மொழிப் பிணக்கூறாய்வு என்று இதற்குப் பெயர். 1992 முதல் 2001 வரை, பத்திலிருந்து பத்தொன்பது வயதுக்குள் இறந்தவர்களின் கணக்கு 2004இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. அந்த வயதுப் பெண்களில் லட்சத்துக்கு 148 தற்கொலைகள், ஆண்களில் 58. அந்தக் காலத்தில் இந்தியா முழுமைக்கும் எல்லா வயதினருக்கும் சேர்த்து அரசுக் கணக்கு சொன்னது லட்சத்துக்குப் பத்து, பதினொன்று. அங்கே இறந்துபோன இளம்பெண்களில் பாதிக்கும் மேல் தற்கொலை. குடும்பத் தகராறு, வீட்டுக்குள் அடிதடி, பரீட்சைத் தோல்வி, கைகூடாத காதல், மனநோய் என்று காரணங்களையும் எழுதினார்கள்.

இத்தனை மரணங்களையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்கள் துப்பாக்கியோ வாக்கி டாக்கியோ இல்லாத, நோட்டுப் புத்தகம் வைத்திருந்த கிராமத்துப் பணியாளர்கள். போலீஸ் ஜீப் வந்து நின்றால் வாயை மூடிக்கொள்கிற தெரு, பக்கத்து வீட்டு அக்கா வந்து திண்ணையில் உட்கார்ந்தால் பேசிவிடுகிறது. கணியம்பாடியைப் பற்றி ஏன் இன்னும் ஒரு துப்பறியும் நாவல் வரவில்லை என்பது எனக்குப் புரிவதில்லை. நீங்கள் எழுதாவிட்டால் நானாவது எழுத வேண்டும்.

சென்னையிலும் ஒருவர் இருக்கிறார். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், 1986இல் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர். ராஜ்குமார் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வு 1999இல் வெளியானது. சென்னையில் உயிரை மாய்த்துக்கொண்ட 100 பேர், அவர்களுக்கு வயதிலும் பாலினத்திலும் ஒப்பான, உயிரோடு இருக்கிற 100 பேர். இரண்டு தரப்பு வீடுகளுக்கும் போய் வாழ்க்கையை விசாரித்து ஒப்பிட்டார்கள். இறந்தவரின் மனதைக் கூறாய்வு செய்கிற இந்த முறை 1950களின் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தது. விபத்தா தற்கொலையா என்று முடிவு செய்ய முடியாத மரணங்களில் உதவி கேட்டு அந்நகரின் மரண விசாரணை அதிகாரி உளவியலாளர்களிடம் போனார், எட்வின் ஷ்னைட்மன் குழு அதற்கு ஒரு முறையை வகுத்தது. 2018இல் டெல்லி புராரியில் ஒரே குடும்பத்தில் 11 பேர் இறந்து கிடந்தபோது டெல்லி போலீஸும் இந்த முறையைத்தான் நாடியது.

விசாரணை எங்கே போய் முடிய வேண்டும் என்பதற்கும் சினேகா ஓர் உதாரணம் தந்திருக்கிறது. பரீட்சையில் தோற்ற பிள்ளை ஒரு வருஷம் காத்திருக்காமல், உடனடியாக மறுதேர்வு எழுதி அதே வருஷத்தில் மேலே படிக்கலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் வந்ததற்கு அவர்களின் வலியுறுத்தலும் ஒரு காரணம். ஆளைப் பிடித்து விலங்கு மாட்டுவதைவிட நல்ல கிளைமாக்ஸ் என்று நான் நினைக்கிறேன். நாவலில் எடுபடாது என்பீர்கள், தெரியும்.

போலீஸ் அடுத்த கேள்வியைக் கேட்ட வழக்கும் உண்டு. 2021 நவம்பரில் கோவையில் ஒரு பள்ளி மாணவியின் மரணம். விசாரணை அவர் இறந்த நாளோடு நிற்காமல், அவர் முன்பு படித்த பள்ளிக்குப் போனது. ஆசிரியர் ஒருவர், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் கைதானார். விஷயம் தெரிந்தும் புகார் செய்யவில்லை என்று பள்ளியின் முதல்வரும் கைதானார். தெரிந்தவர் சொல்லாமல் இருந்தாலே குற்றம் என்று அந்தச் சட்டம் சொல்வதால்தான் அது முடிந்தது. ‘சுழல்’ (2022) தொடரைப் பார்த்திருப்பீர்கள். காணாமல் போன ஒரு பெண்ணைத் தேடிப் போகிற விசாரணை, கடைசியில் வந்து நிற்கும் இடத்துக்காகவே அதை மதிக்கிறேன். பார்க்காதவர்களுக்காக முடிச்சை அவிழ்க்காமல் விடுகிறேன்.

சட்டத்தைத் தொட்டதால் உங்கள் கதையில் ஒரு சிக்கலைச் சொல்லிவிட வேண்டும். இன்ஸ்பெக்டருக்கு இப்போது நாற்பதை ஒட்டிய வயது என்றால் விடுதியில் நடந்தது 1990களின் நடுவில். போக்சோ நடைமுறைக்கு வந்தது 2012 நவம்பர் 14. இரண்டாம் அத்தியாயத்தில் அவர் ‘போக்சோவில் உள்ளே தள்ளுவேன்’ என்று கத்துவது செல்லாது. நடந்த காலத்தில் எந்தச் சட்டம் இருந்ததோ அதுதான் பொருந்தும். 1990களில் ஒரு பையனுக்கு நேர்ந்த கொடுமைக்கு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்ததெல்லாம் 377ஆம் பிரிவு, அதுவும் அதன் குறுகலான வரையறைக்குள் வந்தால். பையன்களுக்கும் இப்படி நடக்கும் என்று சட்டம் ஒப்புக்கொள்ளவே 2012 ஆகிவிட்டது. சட்டம் படித்த ஒரு போலீஸ்காரர் தன் சொந்த வழக்குக்கு எந்தப் பிரிவைப் போடுவது என்று ராத்திரி உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டுகிறார், ஒன்றும் சரியாகப் பொருந்தவில்லை. இந்த ஒரு காட்சி உங்களிடம் இருந்தால் விஸ்கி பாட்டில், மனைவியின் புகைப்படம் எதுவும் தேவைப்படாது.

அவரது மனச்சோர்வை எழுதும்போது இன்னும் கொஞ்சம் கனத்தோடு எழுதுங்கள். இது நம் மாநிலத்தில் கற்பனை விஷயம் இல்லை. 2015இல் தண்டவாளத்தில் கிடந்த கோகுல்ராஜ் என்ற இளைஞரின் உடல் முதலில் தற்கொலை போலத்தான் தெரிந்தது. கொலை என்று நிரூபணமாகித் தண்டனை வந்தது 2022இல். நடுவே அந்த வழக்கை விசாரித்துக்கொண்டிருந்த திருச்செங்கோடு டிஎஸ்பி விஷ்ணுபிரியா 2015 செப்டம்பரில் இறந்துபோனார். துப்பறிந்தவரின் மரணமே துப்பறிய வேண்டிய வழக்காகி சிபிஐ வரை போனது. 2023 ஜூலையில் கோவை சரக டிஐஜி விஜயகுமார் இறந்துபோனார். மனச்சோர்வுக்குச் சிகிச்சையில் இருந்தவர் என்று உயரதிகாரி சொன்னார். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் துணையோடு காவலர்களுக்கு நிறைவாழ்வுப் பயிற்சி என்று ஒன்றைத் தொடங்கினார்கள், நல்ல முயற்சி. ஆனால் இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் வாரத்துக்கு ஒரு பிணமாவது பார்க்கிறார், தூக்கில் தொங்கிய பிள்ளையைத் தன் கையால் இறக்குகிறார், மத்தியானம் அதே கையால் சாப்பிட்டுவிட்டு பந்தோபஸ்துக்குப் போகிறார். இவருக்கு இளமைக் காயம் என்று தனியாக ஒன்று வேண்டுமா என்று எனக்கு ஒரு சந்தேகம். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்று ஆக்கிவிடாதீர்கள். வேலையும் ஒரு காயம்.

இனி என் யோசனை. பிடிக்காவிட்டால் தள்ளிவிடுங்கள். கொலைகாரனை எடுத்துவிடுங்கள். மூன்று பேரையும் யாரும் கொல்லவில்லை. மூவரும் மூன்று வேறு வருஷத்தில், வேறு வேறு வீட்டில், தாங்களாகப் போனவர்கள். மூன்று கோப்பிலும் ‘தீராத வயிற்று வலி’. உங்கள் இன்ஸ்பெக்டரையும் ஒரு படி இறக்கி ஸ்டேஷன் ரைட்டர் ஆக்குங்கள். ஏட்டு. எஃப்ஐஆரிலிருந்து கடைசி அறிக்கை வரை எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கிறவர், ஸ்டேஷனில் எல்லோரும் ‘ரைட்டர்’ என்றே கூப்பிடுகிறவர். மூன்று தடவையும் அந்த வாக்கியத்தை எழுதியதே அவர்தான். முதல் தடவை இன்ஸ்பெக்டர் சொல்லி எழுதினார், இரண்டாம் தடவை பழக்கத்தில் எழுதினார். மூன்றாம் தடவை இறந்தவனின் பெயரைப் பார்த்ததும் பேனா நிற்கிறது, அந்த விடுதியில் அடுத்த பாயில் படுத்தவன். 2022 ஜனவரியில் ஆவடிக்குத் தனி ஆணையரகம் பிரிந்தபோது அலுவலகம் புதிதானது, அதிகாரிகள் புதிதானார்கள். பழைய கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்தவர் ரைட்டர் ஒருவர்தான். அவருக்கு விசாரிக்க அதிகாரம் இல்லை. உத்தரவு போட முடியாது, சம்மன் அனுப்ப முடியாது. கணியம்பாடிப் பணியாளர்கள் மாதிரி மத்தியானத்தில் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, எப்போதிலிருந்து வயிற்று வலி என்று கேட்க மட்டும் முடியும். யார் செய்தது என்பது வாசகருக்குப் பாதியிலேயே தெரிந்துவிடும். ரைட்டர் நாலாவதாக என்ன எழுதப் போகிறார் என்று காத்திருக்க வைக்க உங்களால் முடியும், நடை உங்களிடம் இருக்கிறது.

மரணக் காட்சிகளை வீட்டார் கதவைத் திறக்கும் இடத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எப்படி என்ற விவரம் வேண்டாம், விட்டுச் சென்ற கடிதமும் வேண்டாம். அதே நிலையில் இருக்கும் ஒருவர் உங்கள் புத்தகத்தைக் கையில் எடுக்கக்கூடும்.

நாலாவது அத்தியாயத்தை எழுதியதும் அனுப்புங்கள். அச்சுப் பிரதியாக இருந்தால் நல்லது, போனில் படித்தால் எனக்குக் கண் வலிக்கிறது.

அன்புடன்.

பி.கு.: விடுதிப் பகுதியில் அந்த ட்ரங்குப் பெட்டியைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் பத்தி கேள்விப்பட்டு எழுதியது போல இல்லை. நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்ல வேண்டியதில்லை. யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் டெலி மானஸ் 14416, எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். சினேகா 044-24640050. உங்கள் தெருவில் ஏதாவது ஒரு பிள்ளைக்கு இப்போது நடக்கிறது என்று தெரிந்தால் 1098.